இயர்பட்ஸா, எலும்பு வழி ஹெட்போனா: சேலத்தில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காதுக்குள் செருகிக்கொள்ளும் வயர்லெஸ் இயர்பட்ஸ் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. காதை அடைக்காமல், காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒட்டிக்கொண்டு அதிர்வாகவே ஒலியைக் கொடுக்கும் எலும்பு வழி ஹெட்போன் அந்த அளவுக்குப் பரவவில்லை. காலை நடைக்குப் போகிறவர்கள் சிலரிடம் பார்க்கலாம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒன்று காதை மூடும் சாமான், மற்றது காதைத் திறந்து வைக்கும் சாமான். எங்கே போடப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்கினால், பத்தாயிரம் கொடுத்து வாங்கியதுகூட ஒரே மாதத்தில் மேசை டிராயருக்குள் போய்விடும்.

வாங்கும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறது. முதல் மூன்று படிகளை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். அதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

1. ஒரு தாளில் ஒரு வாரக் கணக்கு

காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இருக்கும் நேரத்தை ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். இடம், எத்தனை மணி நேரம், அங்கே வெளிச்சத்தம் கேட்க வேண்டுமா வேண்டாமா, இந்த மூன்று மட்டும் போதும். 'கேட்க வேண்டும்' பக்கம் மணிக்கணக்கு கூடினால் எலும்பு வழி. 'வேண்டாம்' பக்கம் கூடினால் இயர்பட்ஸ். பாதிக்கும் மேல் வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் சில இடங்களில் நாம் நினைப்பது ஒன்று, நடப்பது வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாலையோர நடை, ஓட்டம்: மூக்கனேரிக் கரையோ, காந்தி மைதானமோ, கோரிமேட்டிலிருந்து அடிவாரம் போகும் சாலையோ, வண்டி வரும் இடம் என்றால் எலும்பு வழி ஹெட்போன்தான். இயர்பட்ஸிலும் 'டிரான்ஸ்பரன்சி' என்று வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி உண்டு. நின்று பேசும்போது அது நன்றாக வேலை செய்யும். ஓடும்போது காற்று மைக்கில் மோதி இரைச்சலாகக் கேட்கும், பின்னால் வரும் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று பிடிபடாது.

ஏற்காடு மலைப்பாதை: சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருவதை ஹாரன்தான் சொல்லும், கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பிறகு. மேலிருந்து இறங்கும் வண்டிகளோ சத்தமே இல்லாமல் வரும். சைக்கிளில் ஏறுபவர்களும் நடப்பவர்களும் காதை அடைப்பது ஆபத்து. பனிமூட்டம் இறங்கிவிட்டால் காது ஒன்றுதான் துணை. காபி எஸ்டேட் வழியாகப் போகும் ஆளில்லாத பாதையில் எலும்பு வழி ஹெட்போனையும் நிறுத்தி, கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். காட்டெருமை இருப்பதை முதலில் சொல்வது கிளை முறியும் சத்தம். பாட்டு எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அது தவறிவிடும்.

பஸ்: மலை ஏறும் பஸ் கீழ் கியரில் முனகும்போது எலும்பு வழி ஹெட்போனில் பேச்சு எதுவும் புரியாது. ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் கூச்சம் எடுக்கும், அப்போதும் புரியாது. பஸ், ரயில், விமானம் மூன்றிலும் இரைச்சலை எதிர் அலை கொண்டு குறைக்கும் ஏ.என்.சி. இயர்பட்ஸ்தான் சரி. ஏ.என்.சி. நன்றாகக் குறைப்பது இன்ஜின், ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தை. பக்கத்து சீட்டுப் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. இன்னொரு விஷயம்: சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். இறுக்கமான ரப்பர் மாட்டியிருந்தால் சங்கடம் கூடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கழற்றி எச்சில் விழுங்குங்கள். சளி பிடித்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் மாட்டாமலே இருங்கள். மலையில் பல வளைவுகளில் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், ஹெட்போன் பழுது என்று நினைத்துக் கடைக்கு அலைய வேண்டியிருக்காது.

ரயிலில் படுத்துக்கொண்டு கேட்பது: எலும்பு வழி ஹெட்போனின் வளையம் பின்மண்டையைச் சுற்றிப் போகும். தலையணையில் சாய்ந்ததும் அது தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிடும். பர்த்தில் படுப்பவர்களுக்கும் சாய்வு சீட்டில் பயணம் செய்பவர்களுக்கும் இது உதவாது.

வீடு, சமையலறை: யாரும் கவனிக்காத பயன் இது. குக்கர் விசில் எண்ண வேண்டும், காலிங்பெல் கேட்க வேண்டும், தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் சமையலறையில் நிற்பவருக்கு எலும்பு வழி ஹெட்போன் மாதிரி வசதி வேறில்லை. ஆனால் மிக்ஸி ஓடும் நேரத்தில் எதுவும் கேட்காது. நிறுத்திவிட்டு அரைத்துக்கொள்ளுங்கள்.

விசைத்தறிப் பட்டறை: அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் தறியில் நிற்பவர்கள் இதை நிதானமாகப் படிக்கவும். நாடா ஓடும் தறிகள் வரிசையாக நிற்கும் பட்டறையில் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். தறிச் சத்தமே அந்த 4 மணி நேரத்தை ஒரே ஷிஃப்டில் தின்றுவிடுகிறது. அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று இயர்பட்ஸில் ஒலியைக் கூட்டினால் செவி நரம்புக்குச் சேதம் இரட்டிப்பு. முதலில் வாங்க வேண்டியது பாதுகாப்புச் சாமான் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பாஞ்ச் காதடைப்பான். அதைப் போட்ட பிறகு மேலே எலும்பு வழி ஹெட்போன் மாட்டினால், குறைந்த ஒலியிலேயே போன் பேச்சு தெளிவாக விழும். நூல் அறுந்ததைத் தறியின் தாளம் மாறுவதை வைத்தே கண்டுபிடிப்பவர்கள், அடைப்பானுடன் அந்த மாற்றம் கேட்கிறதா என்று இரண்டு நாள் பாட்டில்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பைக், ஸ்கூட்டர்: இரண்டுமே வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் எலும்பு வழி ஹெட்போன் அழுந்தி நகர்ந்துவிடும், இயர்பட்ஸ் ஹாரனை மறைக்கும். அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

பார்வையில்லாதவர்கள், போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் குரலைக் கேட்டுக்கொண்டே தெருவில் நடக்க வேண்டுமென்றால் யோசிக்கவே தேவையில்லை, எலும்பு வழிதான். பாதை சொல்லும் குரலும் சாலைச் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

இவை எல்லாம் போக, இசைக்காகவே கேட்பவர் என்றால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எலும்பு வழியில் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும். மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பியின் 'கும்' அழுத்தம் வராது. பேச்சு, செய்தி, பாடம், போன் அழைப்புக்கு அது குறையே இல்லை. கச்சேரி கேட்க உட்கார்ந்தால் மனசு நிறையாது.

2. காது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

காதில் சீழ் வடிவது, செவிப்பறையில் ஓட்டை, கோடை வியர்வையில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் காதுக்குள் செருகும் எதுவும் கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

காது சரியாகக் கேட்கவில்லை, எலும்பு வழி ஹெட்போன் வாங்கினால் கேட்குமா என்று பெரியவர்களுக்காக விசாரிப்பவர்கள் உண்டு. இதற்கான பதில் கேள்திறன் சோதனையின் வரைபடத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கோடுகள் போடுவார்கள். ஒன்று காற்று வழி, மற்றது எலும்பு வழி. எலும்பு வழிக் கோடு மேலே நல்ல இடத்திலும் காற்று வழிக் கோடு கீழேயும் இருந்தால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. அவர்களுக்கு எலும்பு வழி ஹெட்போனில் பேச்சு தெளிவாகக் கேட்க வாய்ப்பு அதிகம். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கினால் கோளாறு உட்காதிலோ நரம்பிலோ. அப்போது எந்த ஹெட்போனும் வித்தியாசம் தராது. அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டே காசைச் செலவழியுங்கள். ஹெட்போன் காது மெஷினுக்கு மாற்று இல்லை.

"எலும்பு வழி என்றால் காது கெடாது" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒலி எந்த வழியில் போனாலும் கடைசியில் சேருவது உட்காதிலுள்ள அதே நத்தை எலும்புக்குத்தான். காது மடலையும் துவாரத்தையும் அது தொடுவதில்லை, அதனால் அழுக்கும் வியர்வையும் அடைவதில்லை, அவ்வளவுதான்.

3. பணக் கணக்கு

இயர்பட்ஸ் 1,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. போட், நாய்ஸ் போன்ற பிராண்டுகளில் 1,000 முதல் 2,000 வரை உள்ளவை அன்றாடப் பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும். சொல்லிக்கொள்ளும்படியான ஏ.என்.சி. வேண்டுமென்றால் 2,500 ரூபாய்க்கு மேல் ஒதுக்குங்கள். 20,000 தாண்டியவையும் உண்டு. எலும்பு வழியில் நிலைமை வேறு. ஷாக்ஸ் போன்ற நம்பகமான பிராண்டுகளில் தொடக்க மாடலே ஏறத்தாழ 7,000 ரூபாய் ஆகும், ஓட்டக்காரர்களுக்கான மாடல்கள் 10,000 தாண்டும். 1,500 ரூபாய்க்கு 'எலும்பு வழி' என்று ஆன்லைனில் வருபவற்றை அடுத்த படியில் சொல்லும் சோதனை செய்யாமல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விலைப்பட்டியலில் வராத செலவுகளும் இருக்கின்றன. இயர்பட்ஸில் ஒன்று தொலைந்தால் ஒற்றை மட்டும் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும் முன்பே கேளுங்கள். மலிவு மாடல்களில் பெரும்பாலும் ஒற்றை கிடைக்காது, முழு செட்டே வாங்க வேண்டும். தொலைந்ததற்கு வாரண்டி கிடையாது. எலும்பு வழியில் சில மாடல்களுக்குக் காந்தத்தில் ஒட்டும் தனி சார்ஜர் வயர். அது தொலைந்தால் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஆன்லைனில் வரவழைக்கும்வரை ஹெட்போன் சும்மா கிடக்கும். டைப்-சி உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பேட்டரி ஆயுளையும் செலவில் சேருங்கள். இயர்பட்ஸின் பேட்டரி மிகச் சின்னது. தினமும் போடுபவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும், மாற்றவும் முடியாது. எலும்பு வழியிலும் பேட்டரியை மாற்ற முடியாதுதான். ஆனால் பல மாடல்கள் ஒரே சார்ஜில் 8 முதல் 12 மணி நேரம் ஓடுவதால் தினசரி தேய்மானம் குறைவு.

4. கடையில் முதல் சோதனை: விரலால் காதை மூடுங்கள்

கடையில் 'போன் கண்டக்‌ஷன்' என்று எலும்பு வழியின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மொபைல் போனுக்கான ஏதோ என்று நினைத்து வேறொன்றை எடுத்து வைப்பார்கள். "காதுக்குள்ள போகாம, எலும்புல அதிர்ற ஹெட்போன்" என்று விளக்கிக் கேளுங்கள். அப்போதும் மூன்று வேறு சாமான்கள் வரலாம். உண்மையான எலும்பு வழி ஹெட்போன் ஒன்று. காதுக்கு மேலே தொங்கி, சின்ன ஸ்பீக்கரால் காதை நோக்கி ஒலியை வீசும் ஓப்பன் இயர் இன்னொன்று. காது மடலில் கவ்விக்கொள்ளும் கிளிப் வகை மூன்றாவது. பின்னிரண்டும் கெட்ட சாமான் இல்லை, காதைத் திறந்துதான் வைக்கின்றன. ஆனால் அவை காற்று வழி. காதடைப்பானோடு சேர்த்துப் போடவோ, நடுக்காதுக் கோளாறு உள்ளவருக்கோ அவற்றால் பயன் இல்லை. இதைவிடக் குழப்பம் ஒன்று உண்டு: சில இயர்பட்ஸ் பெட்டியில் 'எலும்பு வழி மைக்' என்று போட்டிருக்கும். அது உங்கள் குரலைப் பிடிக்கும் சென்சார். நீங்கள் கேட்கும் ஒலி வழக்கம்போலக் காது வழியாகத்தான் வரும்.

பிரித்துப் பார்க்க இப்படிச் செய்யுங்கள்.

ஹெட்போனை மாட்டி, யாராவது பேசும் ஒலிப்பதிவை நடுத்தர அளவில் ஓட விடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காதுத் துவாரத்தை அழுத்தி மூடுங்கள். உண்மையான எலும்பு வழி என்றால் குரல் குறையாது. குறையாதது மட்டுமில்லை, தடித்து, கனத்து, தலைக்குள்ளிருந்தே யாரோ பேசுவது மாதிரி மாறும். மூடிய காதுக்குள் தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் தங்குவதால் அப்படி. விரலை எடுத்ததும் பழையபடி மெலியும். ஓப்பன் இயர் வகையாக இருந்தால் மூடியவுடன் குரல் சட்டென்று அமுங்கிவிடும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஹெட்போனைக் கழற்றி, அதிரும் முனையை அது வந்த காலி அட்டைப்பெட்டி மேல் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு வழி என்றால் பெட்டியே ஸ்பீக்கர் மாதிரிப் பாடும்.

பல கடைகளில் பெட்டியைப் பிரித்துக் காட்டமாட்டார்கள். ஐந்து ரோடு, பேர்லேண்ட்ஸ் பக்கமுள்ள பெரிய ஷோரூம்களில் டெமோ பீஸ் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பும் வசதியுள்ள ஆன்லைன் விற்பனையில் வாங்குங்கள். அங்கே ஒரு பொறி: காதில் போடும் சாமான் என்பதால் பல விற்பனையாளர்கள் 'மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம்' என்று வைத்திருக்கிறார்கள். மாடல் பிடிக்கவில்லை என்றால் அதே மாடலே திரும்ப வரும். 'ரீஃபண்ட்' என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

5. பொருத்தம்

இயர்பட்ஸ்: பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் இருக்கும். பலரும் நடுத்தரத்தையே கடைசிவரை போட்டுக்கொண்டு 'பேஸ் வரவில்லை' என்பார்கள். ரப்பர் சரியாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலியும் போகும், ஏ.என்.சி.யும் போகும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை. மாட்டிக்கொண்டு கொட்டாவி விடுங்கள், முறுக்கு மெல்லுவது மாதிரித் தாடையை ஆட்டுங்கள், தலையை உலுக்குங்கள். அப்போதே நழுவினால் பகோடா பாயின்ட்டில் எட்டிப் பார்க்கும்போது கீழே போய்விடும்.

எலும்பு வழி: பின்மண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் தொங்கினால் ஓடும்போது குதிக்கும். சில மாடல்களில் ஏறத்தாழ 2 செ.மீ. குட்டையான மினி அளவு கிடைக்கும். தலை சிறியவர்கள், வளரும் பிள்ளைகள் அதைக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். தடித்த கொம்புள்ள ஃபிரேம் ஹெட்போனின் கொக்கியைத் தள்ளிவிடும், முனை எலும்பிலிருந்து எழும்பும், ஒலி பாதியாகிவிடும். முதலில் ஹெட்போன், அதன் மேல் கண்ணாடி என்ற வரிசை பலருக்குச் சரிப்படும். பெரிய ஜிமிக்கி கொக்கியில் இடித்து 'டக் டக்' என்று கேட்கும். தாழ்வாகப் போட்ட கொண்டையும் பூச்சரமும் வளையத்தை மேலே தூக்கும். ஏற்காட்டுக் குளிரில் மப்ளரும் ஸ்வெட்டர் காலரும் அதையே செய்யும், அதனால் மலையில் இருப்பவர்கள் அதையும் எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். முனையின் கீழே முடி சிக்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

அமைதியான அறையில் எலும்பு வழி ஹெட்போனின் ஒலி பக்கத்தில் இருப்பவருக்கும் லேசாகக் கேட்கும். நூலகத்திலும், ரகசியம் பேசும் அழைப்பிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

ஏ.என்.சி. வேறு, இ.என்.சி. வேறு. அதிகம் பேர் ஏமாறுவது இந்த ஒற்றை எழுத்தில்தான். ஏ.என்.சி. உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. இ.என்.சி. என்பது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பது. 1,000 ரூபாய் இயர்பட்ஸில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இ.என்.சி.

ஐ.பி. எண்: தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்றால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஐ.பி.எக்ஸ்.4 போதும், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஓடுபவர்களும் மலை மழையில் நனைபவர்களும் ஐ.பி.55-க்குக் குறையாமல் பாருங்கள். ஐ.பி.67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். இயர்பட்ஸில் அந்த எண் பட்ஸுக்கு மட்டும்தானா, சார்ஜ் ஏற்றும் சின்னப் பெட்டியான கேஸுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். கேஸுக்குப் பெரும்பாலும் கிடையாது. நீச்சலுக்கு என்றால் ஐ.பி.68-ம், பாட்டை உள்ளேயே சேமிக்கும் நினைவகமும் இரண்டும் வேண்டும். புளூடூத் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். தலை முங்கியவுடன் கரையில் இருக்கும் போனோடு தொடர்பு அறுந்துபோகும்.

பேட்டரி '40 மணி நேரம்' என்பது கேஸையும் சேர்த்த கணக்கு, ஏ.என்.சி.யை அணைத்து, ஒலியைப் பாதியில் வைத்து எடுத்தது. ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் என்ற எண் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். 5 அல்லது 6 இருந்தால் நல்லது.

ஒரே நேரத்தில் போனிலும் லேப்டாப்பிலும் இணையும் 'மல்டிபாயின்ட்' வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அவசியம்.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை: வயர்லெஸ் ஹெட்போனும் இயர்போனும் இந்தியாவில் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கின்றன. பெட்டியிலோ சாமானிலோ 'ஆர்' எழுத்தும் அதன் பின் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தச் சாமான் என்று வரும். பெயர் பொருந்தாவிட்டால் போலி, வைத்துவிட்டு வாருங்கள். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை.

7. பில்

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். "பில் வேணாம்னா 200 ரூபாய் கம்மி" என்பதற்குச் சம்மதித்தால் ஒரு வருட வாரண்டியை 200 ரூபாய்க்கு விற்றதாக அர்த்தம். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், தேதி, மாடல் பெயர், சீரியல் எண் நான்கும் இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே பாருங்கள். 'ஹெட்போன் - 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். தெர்மல் தாளில் வரும் பில் சேலம் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். சீரியல் எண் ஒட்டியிருக்கும் பெட்டியை வாரண்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியை வெட்டுவதிலிருந்து இணைத்துப் பார்ப்பதுவரை இடைவெளியில்லாமல் வீடியோ எடுங்கள்.

சர்வீஸ் சென்டர் சேலத்திலேயே இருக்கிறதா என்பதைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பின்கோடு போட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இல்லையென்றால் கூரியரில் வெளியூர் போய்வர வேண்டும், குறைந்தது பத்துப் பதினைந்து நாள் ஆகும். கூரியர் செலவு யாருடையது என்றும் பாருங்கள். கடையில் தள்ளும் கூடுதல் வாரண்டித் திட்டத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொலைவதும் பேட்டரி தேய்வதும்தான் இயர்பட்ஸில் அடிக்கடி நடப்பவை, பெரும்பாலான திட்டங்களில் அந்த இரண்டும் சேராது.

8. முதல் ஏழு நாள்

திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஏழு நாள். அதற்குள் முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவையாவது போட்டுப் பாருங்கள். முதல் நாள் முழு சார்ஜ் ஏற்றி, நிற்கும்வரை ஓட விட்டு நேரத்தைக் குறியுங்கள். இரண்டாம் நாள் சாலையோரம் நின்று ஒருவருக்கு அழைத்து, உங்கள் குரல் எப்படி வருகிறது என்று கேளுங்கள். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். எலும்பு வழியில் முதல் இரண்டு நாள் கன்னத்தில் கூச்சம் இருக்கும், பழகிவிடும். நெற்றிப்பொட்டில் வலி வந்தால் அது பழகாது, அளவு சரியில்லை என்று பொருள். இயர்பட்ஸில் ஒரு பக்கம் ஒலி குறைந்தால் இரண்டையும் கேஸில் போட்டு, போனில் இணைப்பை நீக்கிப் புதிதாக இணையுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஐந்தாம் நாளே மாற்றுக்குப் பதிவு செய்யுங்கள். கடைசி நாள்வரை வைத்திருந்தால் ஞாயிறோ பண்டிகையோ குறுக்கே வந்து கெடு தாண்டிவிடும்.

9. வெயில், வியர்வை, மலை ஈரம்

ஏப்ரல், மே மாதங்களில் நிறுத்திய காருக்குள்ளோ ஸ்கூட்டர் டிக்கியிலோ வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. வியர்வையிலுள்ள உப்பு சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை அரிக்கும். பட்ஸ் சார்ஜ் ஏறவில்லை என்று வரும் புகார்களில் நிறைய இதனால்தான். நடந்து முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை, பத்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் பிறகே கேஸில் போடுங்கள். ஈரத்தோடு சார்ஜரில் மாட்டவே கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் கேஸ் வைக்கும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். பட்ஸின் வலையில் குறும்பி அடைத்தால் ஒலி குறையும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டி எடுங்கள், ஊசியால் குத்தினால் வலை கிழிந்துவிடும்.

10. கெட்டுப்போய், கடையும் கம்பெனியும் கைவிரித்தால்

பேச்சோடு நிறுத்தாமல் கம்பெனிக்கு மெயில் போடுங்கள். பில், சீரியல் எண், கோளாறின் வீடியோ மூன்றும் அதில் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு பதினைந்து நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதிலும் முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். சாமானுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனுவோடு பில்லும் மெயில் நகல்களும் 1915-ல் கொடுத்த புகார் எண்ணும் இணைக்க வேண்டியிருக்கும், அவற்றை ஒரே ஃபோல்டரில் முதலிலிருந்தே சேர்த்து வைத்திருங்கள்.